ரைஸ் ஓவியத்தில் இருப்பது ஜேன் ஆஸ்டன்தானா? உடை வரலாறு தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்துக்காக ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டன் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். முகப்பில் எந்தப் படத்தை வைப்பது என்பதில் வாரக்கணக்காகத் தடுமாறுகிறேன்.

ரைஸ் ஓவியம் என்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். வெள்ளை மஸ்லின் கவுன், கையில் பச்சைக் குடை, வெட்டிய குட்டை முடி. எதையோ சொல்ல வாயெடுப்பது போல ஒரு சிறுமி. ஓவியத்தை வைத்திருக்கும் ரைஸ் குடும்பத்தார் இது ஜேன்தான், 1788-89 வாக்கில் ஆங்கிலேய ஓவியர் ஓசியாஸ் ஹம்ப்ரி வரைந்தது என்கிறார்கள். 1775 டிசம்பரில் பிறந்த ஜேனுக்கு அப்போது பதின்மூன்று வயது, முகத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் மார்புக்குக் கீழேயே இறுக்கிய அந்தக் கவுன் 1800-க்குப் பிந்தைய பாணி என்று லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகம் மறுத்துவிட்டது. கேன்வாஸின் பின்புறம் இருந்த வணிகர் முத்திரையும் அதே காலத்தைத்தான் காட்டுகிறது என்கிறார்கள். அப்படியானால் ஜேனுக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டியிருக்கும். 2007-இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தும் ஓவியம் விற்கவில்லை.

மறுபக்கம், இந்த ஓவியத்தை 1910-இல் எடுத்த புகைப்படத்தைக் கணினியில் ஆராய்ந்து, ஓவியரின் பெயரும் ஜேனின் பெயரும் தெரிவதாக 2012-இல் சிலர் சொன்னார்கள். எனக்கு அது எழுத்தா, விரிசலா என்று பிடிபடவில்லை.

1780-களில் ஆங்கிலேயச் சிறுமிகள் இப்படி உயர் இடுப்பு கவுன் அணிந்ததுண்டா? தேதி உறுதியான ஓவியம் ஒன்றே ஒன்று காட்டினாலும் போதும். அக்கா கசாண்ட்ரா வரைந்த பென்சில் படத்தை லண்டனில் நேரில் பார்த்தவர்கள், இரண்டு முகங்களையும் ஒப்பிட்டு எழுதுங்கள். அந்தச் சிறுமி ஜேனாக இருக்க வேண்டும் என்று மனம் ஏங்குகிறது. அதனாலேயே என் கண்ணை நான் நம்பவில்லை.