புதுப்பிப்பு: நாற்காலியிலிருந்து எழும் பயிற்சி

செங்கோட்டைப் பக்கத்துப் பெரியவர்களுக்காகப் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி பற்றிப் போன வாரம் எழுதிய இழைக்கு அதிகம் வந்த கேள்வி, "எழும்போது முட்டி வலிக்குதே, என்ன செய்ய?" என்பதுதான்.

பெரும்பாலும் பாதம் இருக்கும் இடம்தான் தப்பு. பாதம் முட்டிக்கு முன்னால் நீண்டிருந்தால் எழும்போது உடம்பு பின்னால் சாயும்; கையை ஊன்றி உந்த வேண்டிவரும். நுனிக்கு நகர்ந்து உட்காருங்கள். குதிகால் முட்டிக்குச் சற்றுப் பின்னால், தரையில் படிந்திருக்கட்டும். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை குனிந்து, மூச்சை விட்டபடி எழுங்கள். முட்டிகள் உள்பக்கம் ஒட்டக் கூடாது. உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். தொடை வலுப்பது அங்கேதான், தொப்பென்று விழுந்தால் பாதிப் பலன் போச்சு. அப்படியும் வலித்தால் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டலாம். எட்டு முறை, இரண்டு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள்.

முன்பு சொல்ல விட்டது: பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கும், சுவரோடு ஒட்டிப் போடுங்கள்.

65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கும்மியைவிட இனிய வழி எனக்குத் தெரியவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், அதேபோல் வட்டமாகக் கைதட்டி ஆடும் கைகொட்டிக்களி. பக்கவாட்டு அடி, திரும்பல், தாளம் எல்லாம் இரண்டிலுமே இருக்கிறது. வெறுங்காலில், ஈரமில்லாத தரையில் ஆடுங்கள்.