அப்பாவோட ஆர்லாண்டோ வாரமும் டிஸ்னி பாயின்ட்டும்: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சனிக்கிழமைப் பேச்சு

*சனி, காலை 8:05*

டல்லாஸ் தம்பி: சித்தப்பா, ரெண்டு விஷயம் கேக்கணும். அப்பா பேர்ல ஆர்லாண்டோல ஒரு டைம்ஷேர் வாரம் இருக்கு, அதாவது வருஷத்துல ஒரு வாரம் மட்டும் ரிசார்ட் வீடு நமக்கு. 2 பெட்ரூம், செப்டம்பர் மாசம், மெயின்டனன்ஸ் ஃபீ வருஷம் 1,200 டாலர். அதை வித்துடலாம்னு இருக்கோம். இன்னொண்ணு, டிஸ்னி டைம்ஷேர்ல வாரத்துக்குப் பதிலா பாயின்ட்டா தர்றாங்களே, அதுல 150 பாயின்ட்டை ரீசேல்ல (பழைய சொந்தக்காரர்கிட்டேர்ந்து) வாங்கலாமான்னு வீட்ல கேக்கறாங்க. எங்க பார்த்தாலும் லே-ஆஃப் பேச்சா இருக்கு. பொருளாதார மந்தம் வந்தா இந்த ரெண்டோட விலையும் எப்படிப் போகும்?

ஆர்லாண்டோ சித்தப்பா: ரெண்டுக்கும் பேர் டைம்ஷேர்தான்பா, ஆனா மந்தத்துல ரெண்டும் வேற வேற மாதிரி போகும். முதல்ல ஒரு கணக்கு போடு. அந்த வாரத்தை வாடகைக்கு விட்டா என்ன கிடைக்கும்? அதுல வருஷ ஃபீயைக் கழிச்சா என்ன மிஞ்சும்? அந்த மிச்சத்துக்குத்தான் ரீசேல்ல விலை கொடுப்பாங்க. அப்பா அன்னைக்கு எவ்வளவு கொடுத்து வாங்கினார்ங்கறது இந்தக் கணக்குலயே வராது. கம்பெனி விக்கற விலையில பெரிய பங்கு விளம்பரம், இலவச டிக்கெட், சேல்ஸ்மேன் கமிஷன்னு போயிடும். கையெழுத்து போட்ட அன்னைக்கே அந்தப் பணம் போச்சு.

ஆர்லாண்டோ சித்தப்பா: செப்டம்பர்னா ஸ்கூல் திறந்தாச்சு, புயல் சீசன் வேற. அதே ரிசார்ட்ல அதே வாரம் ரெட்வீக் தளத்துல 700 டாலர் வாடகைக்குக் கிடைக்குதுன்னு வை. சொந்தக்காரர் 1,200 கட்டறார். வருஷத்துக்கு 500 கைநஷ்டம். அதுக்கு நல்ல காலத்துலயே விலை பூஜ்யம்தான்.

டல்லாஸ் தம்பி: அப்ப மந்தத்துல இன்னும் எங்க இறங்கறது?

ஆர்லாண்டோ சித்தப்பா: பூஜ்யத்துக்குக் கீழ போகும். ஈபேல பாரு, 1 டாலர்னு போட்டிருப்பாங்க. பக்கத்துலயே "க்ளோசிங் (பத்திரம் கைமாத்தற) செலவு நான் கட்டறேன், ட்ரான்ஸ்ஃபர் ஃபீ நான் கட்டறேன், அடுத்த வருஷ மெயின்டனன்ஸும் நானே கட்டிடறேன்"னு இருக்கும். மந்தத்துலயும் அந்த 1 டாலர் அப்படியேதான் இருக்கும். விக்கறவர் கையிலேர்ந்து போற தொகைதான் ஏறும். போட்டிருக்கற விலையை மட்டும் பார்த்தா ஒண்ணுமே மாறாத மாதிரி தெரியும்.

எடிசன் அக்கா: சித்தப்பா, நல்ல இடத்துல இருக்கற வாரமும் இதே மாதிரியா? ஹவாய் மாதிரி?

ஆர்லாண்டோ சித்தப்பா: அங்கதான் அடி பலமா தெரியும்மா. கணக்குக்கு ஒரு மாவி வாரம் எடுத்துக்கோ. ஃபீ 2,500, வாடகை 4,500. மிச்சம் 2,000. மந்தத்துல ஹோட்டல் ரேட் இறங்கி வாடகை 3,000 ஆச்சுன்னா மிச்சம் 500தான். வாடகை மூணுல ஒரு பங்கு குறைஞ்சது, மிச்சம் நாலுல மூணு பங்கு காணாமப் போச்சு. ஃபீ அசையவே இல்ல பாரு, அதனாலதான். ஆனா இது திரும்பி வரும். விமானமும் ஹோட்டலும் நிரம்ப ஆரம்பிச்சா மாவி வாரம் மறுபடி ஏறும். செப்டம்பர் ஆர்லாண்டோவுக்கு ஏற இடமே கிடையாது.

*காலை 9:20*

சான்டியேகோ அத்தை: அண்ணா, ஃபீ அசையாதுன்னு சொல்றீங்களே, மந்தத்துல அது ஏறவே செய்யும். ஹெச்ஓஏ (ரிசார்ட் சொந்தக்காரர் சங்கம்) போர்டுல பொருளாளரா உக்கார்ந்தா முதல்ல கண்ணுல படறது அதுதான்.

1,000 வாரம் இருக்கற ரிசார்ட், வருஷ பட்ஜெட் 1 மில்லியன். ஆளுக்கு 1,000 டாலர். வேலை போனவங்க முதல்ல நிறுத்தறது இந்த பில்லைத்தான். 15% பேர் கட்டலைன்னா, மீதி 850 பேர் தலையில 1,176 டாலர். அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பேர் விட்டுடுவாங்க. 25% கட்டாம நின்னா ஆளுக்கு 1,333. காவலாளி சம்பளம், நீச்சல் குளம், இன்ஷூரன்ஸ், பிராப்பர்ட்டி டாக்ஸ் எதுவும் மந்தம்னு குறையாது.

சான்டியேகோ அத்தை: சில போர்டு ஃபீயை ஏத்தாம ரிசர்வ் நிதியில கை வைக்கும். அது இன்னும் மோசம். மூணு நாலு வருஷம் கழிச்சு கூரை மாத்தணும், லிஃப்ட் மாத்தணும்னு வரும்போது பணம் இருக்காது. உடனே ஸ்பெஷல் அசெஸ்மென்ட்னு ஆளுக்கு ஒரு பெரிய பில். மந்தம் முடிஞ்சப்புறமும் விலை எழும்பாததுக்கு இது ஒரு காரணம்.

டல்லாஸ் தம்பி: இதெல்லாம் வாங்கறதுக்கு முன்னாடி எப்படித் தெரிஞ்சுக்கறது அத்தை?

சான்டியேகோ அத்தை: விக்கறவர்கிட்ட மூணு காகிதம் கேளு. இந்த வருஷ பட்ஜெட், ரிசர்வ் ஸ்டடி (பெரிய ரிப்பேருக்கு எவ்வளவு சேமிப்பு வேணும்ங்கற அறிக்கை), கடைசி ஆண்டுக் கூட்ட மினிட்ஸ். பட்ஜெட்ல "பேட் டெட்"னு (வராத பாக்கி) ஒரு வரி இருக்கும். அது மொத்தத்துல எத்தனை சதவீதம்னு பாரு, ரெண்டு வருஷமா ஏறிக்கிட்டே இருந்தா ஒதுங்கிடு. ரிசர்வ் ஸ்டடியில "பெர்சன்ட் ஃபண்டட்" எவ்வளவுன்னு பாரு, வேண்டிய சேமிப்புல எத்தனை சதவீதம் கையில இருக்குங்கறது அது. சொந்தக்காரருக்கு இதையெல்லாம் கேட்டு வாங்க உரிமை இருக்கு. தர முடியாதுன்னா அதையே பதிலா எடுத்துக்கோ.

*காலை 10:02*

எடிசன் அக்கா: 2008ல என்ன நடந்தது சித்தப்பா? கம்பெனிங்களே ஆடிப்போச்சுன்னு கேள்வி.

ஆர்லாண்டோ சித்தப்பா: டைம்ஷேர் கம்பெனிகளோட ஆர்டா சங்கத்துக் கணக்குல, அமெரிக்கா முழுக்க புது டைம்ஷேர் விற்பனை 2007ல 10.6 பில்லியன், 2009ல 6.3 பில்லியன். ஜனங்க வாங்க மாட்டேன்னது ஒரு பக்கம்தான். இந்தக் கம்பெனிங்க வாங்கறவங்களுக்குத் தாங்களே கடன் கொடுப்பாங்க. அந்தக் கடன்களை மூட்டை கட்டி கடன் பத்திரமா (பாண்ட்) வித்து, அந்தப் பணத்துல அடுத்த ஆளுக்குக் கடன் கொடுப்பாங்க. 2008 கடைசியில அந்த பாண்ட் மார்க்கெட் உறைஞ்சு போச்சு. விண்டம்ங்கற பெரிய டைம்ஷேர் கம்பெனி அப்பதான் விற்பனையை 40% பக்கம் குறைச்சுக்கறோம்னு அறிவிச்சு ஆயிரக்கணக்கானவங்களை வீட்டுக்கு அனுப்பிச்சுது.

ஆர்லாண்டோ சித்தப்பா: ரீசேலுக்கு இதனால என்னன்னா, கம்பெனி கையில காசு இருக்கும்போது பழைய வாரத்தைத் திரும்ப வாங்கும். ரோஃபர்னு ஒரு உரிமை. நீ ஒரு விலைக்கு விக்க ஒப்பந்தம் போட்டா, அதே விலைக்கு கம்பெனி முந்திக்கலாம். டிஸ்னி, ஹில்டன் எல்லாம் வெச்சிருக்காங்க. ரொம்ப சல்லிசா யாராவது வித்தா கம்பெனி தட்டிக்கிட்டுப் போயிடும், அதனால விலைக்கு அடியில ஒரு பலகை இருக்கும். மந்தத்துல கம்பெனி கையை இழுத்துக்கிட்டா பலகை போச்சு. போதாததுக்கு ஃபீ கட்டாம ஃபோர்குளோஷர் (பறிமுதல்) ஆன வாரங்கள் கம்பெனிக்குச் சும்மாவே வந்து சேரும். அப்புறம் உன்கிட்ட ஏன் வாங்கணும்?

டல்லாஸ் தம்பி: அப்ப டிஸ்னி பாயின்ட் வாங்க மந்தம்தான் நல்ல நேரம்னு எடுத்துக்கலாமா?

ஆர்லாண்டோ சித்தப்பா: வேலை உறுதின்னா ஆமா. டிஸ்னியில வருஷ ஃபீ ரிசார்ட்டைப் பொறுத்து மாறும், சரடோகாங்கற ரிசார்ட்ல பாயின்ட்டுக்கு 8 டாலருக்கு மேல. அதே பாயின்ட்டை வாடகைக்கு விட்டா அதைவிட ரெண்டு மடங்கு பக்கம் கிடைக்கும். அந்த இடைவெளி இருக்கற வரைக்கும் விலை பூஜ்யத்துக்குப் போகாது. ஆனா மூணு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்காதே.

முதல்ல கான்ட்ராக்ட் முடியற வருஷம். போர்ட்வாக், பீச் கிளப் ரிசார்ட் எல்லாம் 2042. சரடோகா 2054. ரிவியரா 2070. 2042 காரன் விலை வருஷா வருஷம் தானா தேயும். அதை மந்தத்தோட வேலைன்னு நினைச்சு "சீப்பா வந்திருக்கு"ன்னு பாயாதே.

அடுத்தது 2019 ஜனவரி 19க்கு அப்புறம் வந்த கட்டுப்பாடு. ரீசேல்ல வாங்கற பழைய ரிசார்ட் பாயின்ட் ரிவியராவுல செல்லாது. ரிவியராவையே ரீசேல்ல வாங்கினா வேற எங்கயும் செல்லாது. மந்தத்துல முதல்ல இளகறது இந்த மாதிரி கை கட்டின பாயின்ட்தான்.

மூணாவது வட்டி. 2022 மார்ச்ல பூஜ்யம் பக்கம் இருந்த ஃபெட் (அமெரிக்க மத்திய வங்கி) ரேட் 2023 ஜூலைல 5.25–5.50% ஆச்சு. ரீசேல்ல வாங்கறவங்கள்லயும் சில பேர் கடன் எடுத்துத்தான் வாங்கறாங்க. மந்தமே வராம வட்டி ஏறினாலும் டிமாண்ட் குறையும்.

எடிசன் அக்கா: கொரோனா சமயம் மாதிரி முழுசா மூடினா?

ஆர்லாண்டோ சித்தப்பா: 2020 மார்ச்லேர்ந்து ஜூலை வரைக்கும் டிஸ்னி வேர்ல்ட் மூடியிருந்தது. ஃபீ ஓடிக்கிட்டேதான் இருந்தது. அந்த வருஷம் புது விற்பனை 4.9 பில்லியனுக்கு விழுந்து, 2022ல 10.5க்குத் திரும்பி வந்துடுச்சு. 2008ல கடன் செத்தது, அதனால இழுத்துக்கிட்டே போச்சு. 2020ல கடனும் சம்பளமும் ஓரளவு ஓடிச்சு, பயணம்தான் நின்னுது. ரெண்டையும் ஒரே மாதிரி எடை போடாதீங்க.

டல்லாஸ் தம்பி: விலை இறங்கப் போகுதுன்னு முன்கூட்டியே எதுல தெரியும்?

ஆர்லாண்டோ சித்தப்பா: விலைதான்பா கடைசியில அசையும். அதுக்கு முன்னாடி விற்பனைக்கு வந்திருக்கற பட்டியல் நீளும். அப்புறம் ஒவ்வொண்ணும் விக்க ஆகற நாள் நீளும், ரோஃபர்ல கம்பெனி வாங்கறது குறையும். அதுக்கப்புறம்தான் விலை. ஜனவரியை மட்டும் தனியா வெச்சுப் பாரு. ஃபீ பில் வந்ததும் வருஷா வருஷம் பட்டியல் வீங்கும், அதை மந்தம்னு நினைச்சுடக் கூடாது. போன ஜனவரியோட இந்த ஜனவரியை ஒப்பிடு.

கேக்கற விலையை நம்பாதே, முடிஞ்ச விலையைப் பாரு. ஈபேல "சோல்ட்" ஃபில்டர் போடு. ஃப்ளோரிடா டீடா (சொத்துப் பத்திரம்) இருந்தா கவுண்டி பதிவேட்டுல தேடு, ஆர்லாண்டோவுக்கு பெரும்பாலும் ஆரஞ்ச் கவுண்டி, இல்லைன்னா ஆசியோலா கவுண்டி. டீட்ல டாக்குமென்ட் ஸ்டாம்ப் வரி போட்டிருக்கும், 100 டாலருக்கு 70 சென்ட். 35 டாலர் வரின்னா 5,000க்குப் போயிருக்கு. 70 சென்ட்னா 100 டாலருக்கு மேல போகலை. அப்பா ரிசார்ட் பேரைப் போட்டு கடைசி இருபது டீட் பாரு, பதில் அங்கயே இருக்கு.

*பகல் 12:40*

டல்லாஸ் தம்பி: பார்த்தேன் சித்தப்பா. வரிசையா 70 சென்ட்தான் 😔 இப்ப அப்பாவோடதை என்ன பண்றது?

ஆர்லாண்டோ சித்தப்பா: விக்கறதை மறந்துடு, கைமாத்திவிடறதைப் பாரு. முதல்ல ரிசார்ட்டுக்கே ஃபோன் போட்டு "டீட்-பேக்" (டீடை ரிசார்ட்டே திரும்ப எடுத்துக்கறது) இருக்கான்னு கேளு. சேல்ஸ் ஆளைக் கேக்காதே, ஓனர் சர்வீஸைக் கேளு. கடன் பாக்கி இருக்கக் கூடாது, ஃபீ கட்டி முடிச்சிருக்கணும்னு சொல்லுவாங்க. பல இடத்துல ஒரு தொகையும் கேப்பாங்க. ரெண்டு வருஷ ஃபீக்குள்ள இருந்தா கொடுத்துட்டு வெளிய வந்துடலாம்.

சான்டியேகோ அத்தை: இதை இப்பவே பண்ணு. மந்தம் முத்தினா எல்லாரும் ஒரே நேரத்துல திருப்பிக் கொடுக்க வருவாங்க, அப்ப போர்டு கதவைச் சாத்திடும். வாங்கிக்கற ஒவ்வொரு வாரத்துக்கும் ஃபீ மத்தவங்க தலையிலதானே.

ஆர்லாண்டோ சித்தப்பா: ரிசார்ட் முடியாதுன்னா வேற யாருக்காவது இலவசமா கொடு. க்ளோசிங் நீயே கட்டு. நவம்பருக்குள்ள முடிச்சா அடுத்த பில் உனக்கு வராது. ரெண்டு மாசம் ஆகும், செப்டம்பர் தொடக்கத்துலயே ஆரம்பி.

எடிசன் அக்கா: வரி விஷயம் நான் சொல்றேன். சொந்த உபயோகத்துக்கு வெச்சிருந்த டைம்ஷேர்ல வந்த நஷ்டத்தை வரியில கழிக்க முடியாது. லாபம் வந்தா மட்டும் வரி உண்டு. கம்பெனிக் கடனைத் தள்ளுபடி பண்ணினாங்கன்னா 1099-சிங்கற வரிப் படிவம் வரும், அந்தத் தொகையை வருமானமா எடுத்துப்பாங்க. அப்பா இந்தியாவுலயே இருக்கறவர், கிரீன் கார்டும் இல்ல. வெளிநாட்டவர் அமெரிக்க சொத்தை விக்கும்போது 15% பிடித்தம்னு ஒரு விதி இருக்கு, விலையே இல்லைன்னாலும் க்ளோசிங் கம்பெனி அந்தப் பிடித்தத்துக்கான படிவத்தைக் கேக்கும்.

ஆர்லாண்டோ சித்தப்பா: நம்ம ஆளுங்க டீட் சிக்கி நிக்கறது பேர்லதான். டீட்ல இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா இருக்கும். ரெண்டும் ஒரே ஆள்தான்னு அஃபிடவிட் ஒண்ணு முன்னாடியே தயார் பண்ணு. அம்மா பேரும் டீட்ல இருந்தா ரெண்டு பேரும் கையெழுத்து போடணும். ஃப்ளோரிடா டீடுக்கு ரெண்டு சாட்சி, ஒரு நோட்டரி. அப்பா இந்தியாவுலேர்ந்து போடறதா இருந்தா சென்னை அமெரிக்கத் துணைத் தூதரக நோட்டரி, இல்லைன்னா உள்ளூர் நோட்டரி போட்டு அப்போஸ்டில் (வெளிநாட்டுல செல்றதுக்கான அரசு முத்திரை) வாங்கணும். எது ஒத்துக்குவாங்கன்னு க்ளோசிங் கம்பெனியை முதல்லயே கேட்டுடு.

டல்லாஸ் தம்பி: நேத்து அப்பாவுக்கு ஒரு ஃபோன். மெக்சிகோல ஒரு கம்பெனி 18,000 டாலருக்கு வாங்க ரெடியாம். முதல்ல வரி 1,900 கட்டச் சொல்றாங்க.

ஆர்லாண்டோ சித்தப்பா: ஒரு பைசா அனுப்பாதீங்க!! சுத்தமான மோசடி. 2019லேர்ந்து 2023க்குள்ள சுமார் 6,000 அமெரிக்கர்கள் 300 மில்லியன் டாலர் கிட்ட இப்படி இழந்ததா எஃப்பிஐ சொல்லியிருக்கு. இதுக்குப் பின்னாடி ஹாலிஸ்கோ போதைமருந்து கும்பல் இருக்குன்னு அமெரிக்கக் கருவூலமே தடை போட்டிருக்கு. கைக்காசு இறுகி இருக்கறப்ப இந்த ஃபோனை நம்பத் தோணும். 70 சென்ட் டீட் போற ரிசார்ட்டுக்கு யார் 18,000 தரப் போறான்? நிஜ புரோக்கர் கமிஷனை க்ளோசிங்ல எடுப்பான், முன்பணம் கேக்க மாட்டான்.

எடிசன் அக்கா: அப்பா ஏற்கெனவே பேங்க் விவரம் ஏதாவது கொடுத்தாரான்னு இப்பவே கேளுடா. கொடுத்திருந்தா திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்காதே, பேங்க்கோட 24 மணி நேர நம்பர்ல சொல்லிடு.

*பகல் 1:15*

டல்லாஸ் தம்பி: கேட்டேன், கொடுக்கலை. நம்பரை பிளாக் பண்ணியாச்சு. டிஸ்னி விஷயத்துல கடைசியா ஒண்ணு. அடுத்த மாசம் அங்க போறோம், அங்கயே புதுசா வாங்கச் சொல்லி வற்புறுத்தினா?

ஆர்லாண்டோ சித்தப்பா: மந்தத்துலயும் பட்டியல் விலையை சட்டுனு குறைக்க மாட்டாங்க, தள்ளுபடி, போனஸ்னு சுத்தி வளைச்சுக் கொடுப்பாங்க. அதையும் கழிச்சு பாயின்ட்டுக்கு நிகரம் என்னன்னு பார்த்து ரீசேலோட ஒப்பிடு. கையெழுத்து போட்டுட்டா ஃப்ளோரிடால 10 நாள் ரத்து உரிமை உண்டு. நெவாடால 5, ஹவாயிலும் கலிஃபோர்னியாவிலும் 7. ஃபோன்ல சொன்னா செல்லாது. கான்ட்ராக்ட்ல இருக்கற முகவரிக்கு எழுத்துல, சர்டிஃபைட் மெயில்ல அனுப்பி ரசீதை வெச்சுக்கோ.

ரீசேல்ல வாங்கினா கம்பெனி தர்ற எஸ்டாப்பல் லெட்டர் (கான்ட்ராக்ட் நிலவரக் கடிதம்) வராம பணத்தை விடாதே. எத்தனை பாயின்ட் மிச்சம், அடுத்த வருஷத்துலேர்ந்து கடன் வாங்கித் தீர்த்திருக்காங்களா, ஃபீ பாக்கி உண்டா எல்லாம் அதுலதான் இருக்கும். கைக்காசு நெருக்கடியில விக்கறவங்க ரெண்டு வருஷ பாயின்ட்டை முன்கூட்டியே எடுத்துத் தீர்த்துட்டு வித்துடுவாங்க. விலை குறைச்சலா தெரியும், முதல் ரெண்டு வருஷம் ஃபீ மட்டும் கட்டிக்கிட்டிருப்பே.

டல்லாஸ் தம்பி: சரி சித்தப்பா. அப்பா டீடை ஸ்கேன் பண்ணி இங்கயே போடறேன், பாருங்க.

ஆர்லாண்டோ சித்தப்பா: குரூப்ல போடாதே, எனக்குத் தனியா அனுப்பு. டீடோட கடைசி ஃபீ பில்லும் வேணும். கடன் பாக்கி எதுவும் இல்லைன்னு கம்பெனிகிட்டேர்ந்து ஒரு ஈமெயிலும் வாங்கி வெச்சுடு.