தைரோகுளோபுலின் கம்மி, ஆனா ஆன்ட்டிபாடி அதிகம்னு ரிப்போர்ட் – கேன்சர் திரும்ப வந்துடுச்சா?

திருச்சிக்காரன்:
அம்மாவுக்கு பாப்பிலரி தைராய்டு கேன்சர், 2022ல தைராய்டை முழுசா எடுத்துட்டாங்க, அப்புறம் மிச்ச தைராய்டு செல்ல அழிக்கற ரேடியோ அயோடினும் குடுத்தாங்க. இந்த வருஷ ரிப்போர்ட்ல தைரோகுளோபுலின் 0.1க்கும் கீழ, பக்கத்துல நார்மல் 3.5 – 77னு போட்டிருக்கு. ஆன்ட்டி தைரோகுளோபுலின் ஆன்ட்டிபாடி 180, ஹைனு கொட்ட எழுத்துல இருக்கு. டிஎஸ்ஹெச் 0.3, அதுவும் கம்மியாம். டாக்டர் அடுத்த வியாழக்கிழமைதான் பாக்குறாரு, அம்மா அந்த பேப்பர பாத்ததுல இருந்து சரியா சாப்பிடவே மாட்டேங்குறாங்க. யாராவது புரியற மாதிரி சொல்லுங்க ப்ளீஸ்.

கோவை அக்கா:
தம்பி முதல்ல அம்மாவ சாப்பிட சொல்லுங்க. அந்த 3.5 – 77ங்கறது தைராய்டு இருக்கறவங்களுக்கு போட்டது, நம்மள மாதிரி எடுத்தவங்களுக்கு இல்ல. தைரோகுளோபுலின்ங்கற புரதத்த தைராய்டு செல் மட்டும்தான் பண்ணும், நல்லதோ கேன்சரோ ரெண்டும் பண்ணும், அதனால எடுத்தப்புறம் எவ்ளோ கம்மியோ அவ்ளோ நல்லது, தைராய்டு மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கும்போதே 0.2க்கு கீழ இருக்கணும்னுதான் டாக்டருங்க பாப்பாங்க. டிஎஸ்ஹெச்ங்கறது தைராய்ட தூண்டற ஹார்மோன், அத வேணும்னேதான் கம்மியா வெச்சிருப்பாங்க, அது ஏறினா மிச்சம் மீதி செல் இருந்தா அதையும் தூண்டிவிடும். கம்மினு போட்டிருக்கேனு நீங்களா மாத்திரைய குறைச்சுடாதீங்க!

ஆனா தைரோகுளோபுலினுக்கு எதிரா உடம்பு உண்டாக்கற ஆன்ட்டிபாடி இருந்தா அந்த 0.1 நம்பர மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. ரத்தத்துல இருக்கற தைரோகுளோபுலின அது புடிச்சு வெச்சுக்கும், மெஷினுக்கு தெரியாது, நிஜத்த விட கம்மியா காட்டும். அப்போ ஆன்ட்டிபாடி ஏறுதா இறங்குதானுதான் பாக்கணும். போன தடவை எவ்ளோ?

திருச்சிக்காரன்:
அக்கா ரொம்ப நன்றி, பழைய ஃபைல தேடி பாத்தேன், போன வருஷம் அதே லேப்ல 310.

கோவை அக்கா:
அப்போ இறங்கிட்டு வருது, நல்ல விஷயம். ஆபரேஷன் ஆன உடனே இது போயிடாது, வருஷக்கணக்குல மெதுவாதான் குறையும். எனக்கும் அப்படித்தான் போச்சு. திரும்ப ஏற ஆரம்பிச்சாதான் கேன்சர் எங்கயாவது இருக்கானு தேடுவாங்க. கழுத்து அல்ட்ராசவுண்ட் எப்போனு மட்டும் டாக்டர்கிட்ட மறக்காம கேளுங்க, ஆன்ட்டிபாடி இருக்கறவங்களுக்கு அது ரொம்ப முக்கியம்.

லேப்ல வேலை பாக்குறவன்:
ப்ரோ அதே லேப்ல எடுத்தது ரொம்ப நல்லது, ஒரே ரத்தத்த ரெண்டு கம்பெனி மெஷின்ல போட்டா ஆன்ட்டிபாடி நம்பர் ரொம்பவே மாறி வரும், லேப் மாத்திட்டு ஏறிடுச்சேனு பயந்து ஓடி வர்றவங்கள நிறைய பாத்திருக்கேன். இன்னொன்னு, அம்மா முடிக்கு, நகத்துக்குனு பயோட்டின்ங்கற வைட்டமின் மாத்திரை சாப்பிடறாங்களா? சில மெஷின்ல அது தைரோகுளோபுலினையும் டிஎஸ்ஹெச்சையும் நிஜத்த விட கம்மியாவும் ஆன்ட்டிபாடிய அதிகமாவும் காட்டிடும். டெஸ்டுக்கு ரெண்டு நாளாவது முன்னாடி நிறுத்தணும்.

சேலம்_67:
என் மச்சானுக்கு மெடுல்லரிங்கற வேற வகை தைராய்டு கேன்சர், அவருக்கு இந்த டெஸ்டே இல்ல, கால்சிடோனின், சிஇஏனு வேற ரெண்டு ரத்த டெஸ்ட்தான் பாக்குறாங்க. இத படிக்கறவங்க எந்த வகைனு தெரிஞ்சுட்டு ஒப்பிட்டு பாருங்க.

திருச்சிக்காரன்:
அம்மா முடி கொட்டுதுனு ஒரு மாத்திரை சாப்பிடறாங்க ப்ரோ! அட்டையில பயோட்டின் 10 மில்லிகிராம்னு இருக்கு. யாரும் கேக்கவே இல்ல, நாங்களும் சொல்லல.

லேப்ல வேலை பாக்குறவன்:
அந்த அட்டையவே எடுத்துட்டு போய் டாக்டர்கிட்ட காட்டுங்க. நிறுத்திட்டு மறுபடி எடுக்கணுமானு அவரு சொல்லுவாரு, எடுத்தா அதே லேப்லயே எடுங்க.