யுவி ஃபில்டர் லென்ஸைக் காப்பாற்றுகிறதாம். யார் சொன்னது?

நாரைக்கண்:
"புது லென்ஸ் வாங்கினால் அதே கடையில் யுவி ஃபில்டரையும் மாட்டிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். முப்பதாயிரம் ரூபாய் லென்ஸுக்கு முந்நூறு ரூபாய்க் காப்பீடு." நேற்று இன்னொரு இழையில் வைகைக்கரை இப்படி எழுதியிருந்தார். அதற்குக் கீழே நிறையப் பேர் வந்து தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது.

யுவி ஃபில்டர் என்பது லென்ஸின் முன்னால் திருகி மாட்டும், புற ஊதாவைத் தடுக்கும் தட்டைக் கண்ணாடி. ஃபிலிம் காலத்தில் அதற்கு ஒரு வேலை இருந்தது. ஃபிலிமுக்குப் புற ஊதாக் கதிர் தெரியும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ தூரத்து மலையை எடுத்தால் படம் நீலம் பாய்ந்து மங்கலாக வரும், அதைக் குறைக்கப் போட்டார்கள். டிஜிட்டல் கேமராவில் ஃபிலிமுக்குப் பதில் படத்தைப் பதியும் சென்சாரின் மேலேயே புற ஊதாவைத் தடுக்கும் ஃபில்டர் இருக்கிறது. அப்புறம் எதற்கு இன்னொன்று?

முந்நூறு ரூபாய்க் கண்ணாடியில் கோட்டிங், அதாவது ஒளி திரும்புவதைக் குறைக்கும் மேற்பூச்சு, என்று எதுவும் இருக்காது. கோட்டிங் இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். முன்பக்கம், பின்பக்கம் சேர்த்தால் 8 சதவீதம். லென்ஸ் தயாரிப்பவர்கள் ஒவ்வொரு பரப்புக்கும் கோட்டிங் போட்டு மிச்சப்படுத்திய வெளிச்சத்தை நீங்கள் காசு கொடுத்துத் தொலைக்கிறீர்கள்.

வைகைக்கரை:
என் பெயரைப் போட்டு இழை ஆரம்பித்ததற்கு நன்றி. சதவீதக் கணக்கு எனக்கு வேண்டாம். மதுரைச் சித்திரைத் திருவிழா, தல்லாகுளம், அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை. அந்தக் கூட்டத்தில் நீங்கள் ஒருமுறையாவது நின்று படம் எடுத்திருக்கிறீர்களா? பக்கத்தில் நின்றவர் கையிலிருந்த தீப்பந்தக் கட்டை என் லென்ஸின் முகத்தில் இடித்தது. ஃபில்டர் நொறுங்கியது, லென்ஸில் ஒரு கீறல் கூட இல்லை. அந்த உடைந்த ஃபில்டரை இன்னும் வைத்திருக்கிறேன். இதற்கு மேல் என்ன வேண்டும்?

நாரைக்கண்:
உடைந்தது ஃபில்டர். அது இல்லாமல் இருந்திருந்தால் லென்ஸ் உடைந்திருக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்?

ஃபில்டர் கண்ணாடி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன். லென்ஸின் முன்கண்ணாடி அதைவிடப் பல மடங்கு கனமானது, வளைவானது. மெல்லிய கண்ணாடி உடைந்தது என்றால் மெல்லிய கண்ணாடி உடையும் என்று மட்டும்தான் தெரிகிறது. உடைந்த சில்லுகள் முன்கண்ணாடியைக் கீறாமல் போனது உங்கள் நல்ல நேரம்.

முதல்லென்ஸ்:
வணக்கம். கேனான் 1500டி, அதோடு வந்த கிட் லென்ஸ் 18-55 வைத்திருக்கிறேன். அடுத்து இருட்டிலும் எடுக்கும் 50 எஃப்/1.8 லென்ஸ் வாங்கலாமா, தூரத்தைக் கிட்டே இழுக்கும் 55-250 ஜூம் வாங்கலாமா என்று குழப்பம். வீட்டில் குழந்தைகள், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில், எப்போதாவது வேடந்தாங்கல். லென்ஸோடு முதலில் என்ன வாங்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

ஃபிலிம்காலம்:
நாரைக்கண் தம்பிக்குப் பறவை தெரியும். கல்யாணம் தெரியாது. நான் யாஷிகா கேமரா பிடித்த காலத்திலிருந்து கல்யாணம் எடுக்கிறவன். வாசலில் பன்னீர்ச் செம்பை ஆட்டும் பெண் மாப்பிள்ளை மேல் மட்டும்தான் தெளிப்பாள் என்று நினைக்கிறீர்களா? தாலி கட்டும் நேரத்தில் அட்சதை வந்து விழும், மஞ்சள் தூள் கண்ணாடியில் ஒட்டும். ஓமப் புகையின் நெய்ப்பிசுக்கு லென்ஸில் படிந்தால் சும்மா ஊதினால் போகாது, துடைத்தே ஆக வேண்டும். மூன்று முடிச்சுக்கு நடுவில் உட்கார்ந்து பதமாகத் துடைக்க யாருக்கு நேரம்? ஃபில்டர் இருந்தால் வேட்டி நுனியால் துடைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடலாம். கீறல் விழுந்தால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டலாம். கல்யாணத்தை இரண்டாவது தடவை நடத்தச் சொல்ல முடியாது.

நாரைக்கண்:
ஐயா, பன்னீருக்கும் நெய்ப்புகைக்கும் ஃபில்டர் வைத்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சு லென்ஸ் அடிபடுவதைப் பற்றி. வைகைக்கரை "காப்பீடு" என்றார். என் கேள்வி அப்படியே நிற்கிறது: உடைந்தது ஃபில்டர். லென்ஸ் உடைந்திருக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்?

கல்யாண மண்டபத்தில் ஃபில்டர் என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீரியல் பல்பு, பின்னால் இருட்டு. பல்பின் ஒளி லென்ஸுக்குள் போய்ச் சென்சாரில் பட்டுத் திரும்பி வந்து, ஃபில்டரின் தட்டையான பின்பரப்பில் மோதி மறுபடி சென்சாருக்கே போகும். படத்தின் நடுப்புள்ளிக்கு அந்தப் பக்கம், தலைகீழாக, பச்சையாக ஒரு பொய்ப் பல்பு விழும். கார்த்திகை தீபத்தன்று வரிசை விளக்கை ஃபில்டரோடு எடுத்துப் பாருங்கள், ஏற்றாத விளக்கெல்லாம் வானத்தில் எரியும். ஃபில்டரைக் கழற்றினால் போய்விடும்.

ஃபிலிம்காலம்:
மல்டி கோட்டிங் ஃபில்டர் என்று ஒன்று இருக்கிறது தம்பி. நல்ல ஃபில்டர் வாங்கத் தெரியாதவன் படத்தில்தான் பொய்ப் பல்பு எரியும்.

நாரைக்கண்:
மல்டி கோட்டிங் அதைக் குறைக்கும், ஒழிக்காது. அந்தத் தரத்தில் ஃபில்டர் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்காது. "முந்நூறு ரூபாய்க் காப்பீடு" எங்கே போயிற்று?

கும்கி:
இவ்வளவு பேசுகிறீர்கள், லென்ஸின் முன்னால் மாட்டும் வளையம், அதுதான் ஹுட், அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நிக்கான் 35 எஃப்/1.8 டிஎக்ஸ் வாங்கினால் ஹெச்பி-46 ஹுட் பெட்டியிலேயே இருக்கும். கேனான் 50 எஃப்/1.8 எஸ்டிஎம் வாங்கினால் இஎஸ்-68 ஹுட்டைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் வளையத்துக்கு! கேனான்காரர்கள் ஃபில்டர் ஃபில்டர் என்று கத்துவதற்குக் காரணமே ஹுட் கிடைக்காததுதான்.

வைகைக்கரை:
கும்கி, நீங்கள் எந்த இழைக்கு வந்தாலும் நிக்கானைப் பற்றித்தான் பேசுவீர்கள். போன தடவை முக்காலியைப் பற்றிப் பேசியபோதும் இதே கதைதான்.

நாரைக்கண், கேனான் தன் கையேட்டில் என்ன சொல்கிறது என்று படித்ததுண்டா? 17-40 எஃப்/4எல் லென்ஸுக்கு, தூசியும் தண்ணீரும் புகாமல் இருக்க முன்னால் ஃபில்டர் மாட்டியாக வேண்டும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அழகர் ஆற்றில் இறங்கும்போது பக்தர்கள் ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுவார்கள். நேராக நம் மேல்தான் விழும். அங்கே ஃபில்டர் இல்லாமல் நின்று காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

நாரைக்கண்:
படித்திருக்கிறேன். ஜூம் செய்யும்போது அதன் முன்கண்ணாடி உள்ளே நகரும், இடைவெளியை அடைக்க ஒரு மூடி தேவை. அதனால் சொன்னார்கள். கிட் லென்ஸுக்கும் 50 எஃப்/1.8க்கும் கேமரா பாடியோடு சேரும் இடத்தில் ரப்பர் வளையமே கிடையாது. முன்னால் ஃபில்டரை மாட்டி, பின்னால் தண்ணீரை விடப்போகிறீர்களா? தண்ணீர் பீய்ச்சும் இடத்துக்கு மழை உறை போட்டுக்கொண்டு போக வேண்டும். ஃபில்டரும் நனையும், பொத்தான்கள் வழியாகக் கேமராவும் நனையும்.

இடித்த கதைக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. உடைந்தது ஃபில்டர்...

வைகைக்கரை:
நீங்கள் லென்ஸைக் கீழே போட்டு நிரூபியுங்கள்! என் லென்ஸை வைத்து உங்களுக்கு ஆதாரம் தயாரிக்க எனக்கு அவசியம் இல்லை. லென்ஸ் முழுசாக இருக்கிறது, அது எனக்குப் போதும்.

முதல்லென்ஸ்:
என் கேள்வியையும் கொஞ்சம் பாருங்கள். கடையில் யுவி ஃபில்டர், துடைக்கும் துணி, பை எல்லாம் சேர்த்து ஒரு தொகுப்பாகத் தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?

நாரைக்கண்:
முதல்லென்ஸ், அந்தத் தொகுப்பை வாங்காதீர்கள். பாடியிலும் லென்ஸிலும் கடைக்காரருக்கு நிற்கும் காசு குறைவு, இந்த மாதிரிப் பொருள்களில்தான் மிஞ்சும். எனக்கும் ஒரு கடையில் இப்படித்தான் தலையில் கட்டினார்கள், கடைப் பெயர் வேண்டாம்.

லென்ஸ் விஷயம். உங்கள் 1500டியின் சென்சார் 35 மி.மீ. ஃபிலிமை விட 1.6 மடங்கு சிறியது. 50ஐ மாட்டினால் ஃபிலிம் கேமராவில் 80 தரும் காட்சிதான் கிடைக்கும். குழந்தையின் முகம் எடுக்க அருமை, வீட்டுக்குள் நாலு பேரைச் சேர்த்து எடுக்கச் சுவர் இடிக்கும். ஆனாலும் எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம் வரும், கோயில் மண்டப இருட்டில் எஃப்/1.8 கை கொடுக்கும். 55-250இன் தூரக் கோடியில் எஃப்/5.6தான், மண்டபத்துக்குள் ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு, எகிறும். வேடந்தாங்கலில் 250 பத்தாது, நாரைகள் ஏரி நடுவில் மரத்தில் உட்கார்ந்திருக்கும். கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே கூடு கட்டுவதால் 250 ஓரளவு போதும். உங்களுக்கு முதலில் 50. கூடவே ஹுட் வாங்குங்கள். பக்கவாட்டு வெயிலையும் தடுக்கும், இடித்தால் முதல் அடியையும் அது வாங்கும். படத்தின் முன்னால் கண்ணாடி எதுவும் வராது.

மற்றபடி ஊதுபந்து ஒன்று, மைக்ரோஃபைபர் துணி ஒன்று. முதலில் ஊதித் தூசியைப் போக்கிவிட்டுத்தான் துணி. டிஷ்யூ பேப்பர் வேண்டாம். மழைக்காலத்தில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் போதும். நம் ஊர் லென்ஸ்களைத் தின்பது பூஞ்சைதான். அது உள்ளே வளரும், உங்கள் யுவி ஃபில்டர் வெளியே நின்று வேடிக்கை பார்க்கும்.

கும்கி:
ஹுட் வாங்கச் சொல்கிறாரே, அதைத் தனியாக வாங்க வேண்டும் என்று நான்தான் முதலில் சொன்னேன். ஒரு நன்றி கூட இல்லை. கேனான் ஏன் பெட்டியில் வைப்பதில்லை என்று யாராவது பதில் சொல்லுங்கள்.

ஃபிலிம்காலம்:
ஹுட் முன்னால் திறந்துதானே இருக்கிறது? கட்டை நேராக வந்தால் ஹுட் என்ன செய்யும்? பன்னீர் வந்தால்? ஜல்லிக்கட்டில் வாடிவாசலுக்கு எதிரே நின்று பாருங்கள், காளை உதைக்கும் மண் ஹுட்டைப் பார்த்துத் திரும்பிப் போகாது.

பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. நிக்கான் 400 எஃப்/2.8இ எஃப்எல் லென்ஸில் முன்கண்ணாடிக்கும் முன்னால் ஒரு பாதுகாப்புக் கண்ணாடியை நிறுவனமே வைத்திருக்கிறது. லட்சக்கணக்கில் விற்கிறவனே கண்ணாடியைக் காக்கக் கண்ணாடி வைக்கிறான். நாரைக்கண் அவர்களை விட அறிவாளியா?

நாரைக்கண்:
அந்தக் கண்ணாடி வளைவானது. லென்ஸ் வடிவமைப்பின் ஒரு பகுதியாகவே கணக்குப் போட்டு வைத்தது. வளைவு இருப்பதால் திரும்பும் ஒளி சிதறிவிடும், நான் சொன்ன பொய்ப் பல்பு சுலபத்தில் விழாது. கடையில் விற்கும் தட்டைக் கண்ணாடியும் அதுவும் ஒன்றா?

தூரத்துப் பறவைக்கான 150-600 ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். டாம்ரான், சிக்மா கன்டெம்பரரி இரண்டுக்கும் 95 மி.மீ. ஃபில்டர். மலிவு ஃபில்டர் ஒன்றை மாட்டி 600இல் ஒரு கூழைக்கடாவை எடுங்கள், கழற்றிவிட்டு இன்னொன்று எடுங்கள். படத்தில் பறவையின் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதல் படத்தில் இறகின் கோடு மசமசவென்று இருக்கும். லென்ஸ் சரியில்லை, ஃபோகஸ் சரியில்லை என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். கழற்ற வேண்டியது அந்தக் கண்ணாடியைத்தான்.

முதல்லென்ஸ்:
நன்றி. அப்படியானால் சிபிஎல் என்கிற போலரைசர் ஃபில்டரும் தேவையில்லையா?

நாரைக்கண்:
அது வேறு. போலரைசர் செய்வதைக் கம்ப்யூட்டரில் செய்ய முடியாது. குளத்துத் தண்ணீரின் பளபளப்பையும் வாழையிலையின் மினுமினுப்பையும் அதுதான் எடுக்கும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்), கோயிலுக்குள் கழற்றிவிடுங்கள். உங்கள் கிட் லென்ஸ் 18-55 ஐஎஸ் டூ என்றால் ஃபோகஸ் செய்யும்போது முன்பக்கமே சுற்றும், ஒவ்வொரு தடவையும் சிபிஎல்லைத் திருப்பி வைக்க வேண்டும். யுவி மேல் சிபிஎல்லை அடுக்காதீர்கள், அகலக் கோணத்தில் மூலைகள் கறுக்கும்.

வைகைக்கரை:
ஆக, அவருக்குப் பிடித்த ஃபில்டர் ஃபில்டர். எங்களுக்குப் பிடித்தது வெறும் கண்ணாடி. நல்ல நியாயம்.

நாரைக்கண்:
படத்தில் வேலை செய்யும் ஃபில்டர் ஃபில்டர்தான். ஒன்று செய்யுங்கள். மீனாட்சியம்மன் கோயில் கோபுரம், இரவு, முக்காலி. ஃபில்டரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. இரண்டின் ரா ஃபைலையும், அதாவது கேமரா பதிந்த மூலக் கோப்பையும், இங்கே போடுங்கள்.

வைகைக்கரை:
நீங்கள் மதுரைக்கு வாருங்கள், சித்திரையில். உங்கள் 150-600 முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எதிர்சேவைக் கூட்டத்துக்குள் நுழையுங்கள். அன்றைக்கு ரா ஃபைல் போடுகிறேன்.

ஃபிலிம்காலம்:
வரமாட்டார். இவர் மறைவிடத்தில் உட்கார்ந்து எடுப்பவர். நாரை வந்து யாரையும் இடிக்காது.

நாரைக்கண்:
ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை கொடுத்துத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். தூத்துக்குடி உப்பளத்தில் உப்புக் காற்றில் எடுத்திருக்கிறேன், தனுஷ்கோடி மணற்காற்றில் எடுத்திருக்கிறேன். எனக்குக் களம் தெரியாது என்று நீங்கள் சொல்ல வேண்டாம். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். உடைந்தது ஃபில்டர். லென்ஸ் உடைந்திருக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்?

ஃபிலிம்காலம்:
மணற்காற்றில் ஃபில்டர் இல்லாமலா எடுத்தீர்கள்? அந்த லென்ஸின் முகத்தை ஒரு படம் எடுத்துப் போடுங்கள், எல்லோரும் பார்க்கிறோம்.

நாரைக்கண்:
போடுகிறேன். இரண்டு சின்னக் கீறல் இருக்கிறது, படத்தில் தெரியவே தெரியாது. முன்கண்ணாடிக் கீறல், படம் கூர்மையாக விழும் ஃபோகஸ் தளத்துக்கு வெகு தூரத்தில் இருக்கிறது. பின்கண்ணாடியில் விழுந்தால்தான் கவலைப்பட வேண்டும், அதற்கு எவரும் ஃபில்டர் விற்பதில்லை.

வைகைக்கரை:
கீறல் இருக்கிறதாம்! என் லென்ஸில் இல்லை. எல்லோரும் படித்துக்கொள்ளுங்கள்.

நாரைக்கண்:
படத்தைக் காட்டுங்கள் என்றால் கண்ணாடியைக் காட்டுகிறார். அந்த லென்ஸை விற்கப்போகிறீர்களா, அதில் எடுக்கப்போகிறீர்களா?

கும்கி:
விற்றால் ஹுட்டோடு விற்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். கேனான் என்றால் வாங்குபவர் அதையும் தனியாகக் கேட்பார்.