டெல்டாவில் எத்தனை மீனாட்சிசுந்தரம் பிள்ளைகள்? வினாடி வினாவுக்குக் கொஞ்சம் உதவுங்கள்

குத்தாலம்_வாய்க்கால் கேட்டது:

பொங்கலுக்கு எங்கள் ஊர் நூலகத்தில் வினாடி வினா வைக்கிறோம், ஊர் குத்தாலம் பக்கம். பள்ளிக்கூடப் பசங்களும் பெரியவர்களும் கலந்த அணிகள். ஒரு சுற்று முழுக்க "பிள்ளை" என்று முடிகிற பெயர்கள். பாதி வாழ்ந்த மனிதர்கள், பாதி கதையிலோ சினிமாவிலோ வருகிறவர்கள். இரண்டு குறிப்பு கொடுப்போம். யார் என்றும் சொல்லணும், நிஜமா கற்பனையா என்றும் சொல்லணும்.

பட்டியல் போட உட்கார்ந்தால் முதல் பெயரிலேயே சண்டை. மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்று எழுதினேன். நூலகர் தமிழ்ப் புலவர் என்கிறார், பக்கத்து வீட்டு அக்கா நாட்டிய வாத்தியார் என்கிறார், என் மாமனார் இரண்டும் இல்லை, தவில் என்கிறார். எதை விடையாக வைப்பது? கற்பனைப் பக்கம் சிக்கல் சண்முகசுந்தரம் தவிர ஒன்றும் தோன்றவில்லை, அவரைப் பிள்ளை கணக்கில் சேர்க்கலாமா என்றும் தெரியவில்லை. வ.உ.சி., கவிமணி, நாமக்கல் கவிஞர் எல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறார்கள், அவர்கள் வேண்டாம். நம்ம பக்கத்து ஆட்களாகச் சொல்லுங்கள்.

தவில்_காது:

மூன்று பேர் சொன்னதும் சரிதான் தம்பி. நம்ம பக்கத்தில் ஊர்ப்பெயரைச் சொல்லாமல் பிள்ளை என்று கேட்டால் ஆள் கிடைக்க மாட்டார்.

புலவர் என்றால் திரிசிரபுரம் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, 1815 முதல் 1876 வரை. திருச்சிக்காரர், ஆனால் பிற்காலம் எல்லாம் மாயூரமும் திருவாவடுதுறை ஆதீனமும்தான். உ.வே.சா. பாடம் கேட்க வந்து சேர்ந்தது மாயூரத்தில் இவரிடம். வேங்கடராமன் என்று இருந்த பையனைச் சாமிநாதன் என்று கூப்பிட ஆரம்பித்தவரும் இவர்தான், இதை அப்படியே ஒரு கேள்வியாக வைக்கலாம். எனக்குப் பிடித்தது கோபாலகிருஷ்ண பாரதி விஷயம். தான் எழுதிய நந்தனார் சரித்திரத்துக்குச் சிறப்புப் பாயிரம், அதாவது பாராட்டுப் பாட்டு, கேட்டு பாரதியார் நடையாய் நடக்கிறார். இவருக்கோ அதில் இருக்கிற இலக்கணப் பிழைகளைப் பார்த்து மனசே வரவில்லை, இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே போகிறார். கடைசியில் ஒருநாள் பாரதியார் தானாகப் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு உருகிப்போய் எழுதிக் கொடுத்துவிட்டார்.

நாட்டியம் என்றால் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, 1869 முதல் 1954 வரை. தஞ்சை நால்வர் என்கிற நாட்டிய ஆசான்களான நான்கு சகோதரர்கள் வழியில் வந்தவர். ருக்மிணி தேவி, ராம் கோபால், மிருணாளினி சாராபாய் என்று எங்கெங்கிருந்தோ வந்து கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள். பந்தநல்லூர்க்காரர்களிலேயே சிலர் இதைக் கேட்டால் முழிப்பார்கள், அது வேறு கதை. தவில் என்றால் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. உங்கள் மாமனார் விவரமானவர்.

இந்த மூன்றையும் ஒரே கேள்வியாக்குங்கள். புலமை, நட்டுவாங்கம் (நாட்டியம் ஆட்டுவிப்பது), தவில் என்று மூன்றையும் சொல்லிவிட்டு ஊரைப் பொருத்தச் சொல்லுங்கள். இன்னும் குழப்பணும் என்றால் பொன்னையா இருக்கிறார். நால்வரில் ஒருவரான, சரபோஜி காலத்துப் பொன்னையா ஒருவர். அதே குடும்பத்தில் பின்னால் வந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்த பொன்னையா பிள்ளை இன்னொருவர்.

ஆடுதுறை_எக்ஸ்பிரஸ்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். பசங்க வருகிற இடத்தில் ஒரு பட்டத்தை வைத்து ஒரு சுற்றே நடத்தணுமா? 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே சாதிப் பட்டத்தை விடச்சொல்லித் தீர்மானம் போட்டாயிற்று. நாம் அதைத் திரும்ப மேடையேற்றுகிறோம்.

தவில்_காது:

கேட்கவேண்டிய கேள்விதான் தோழர். ஆனால் ஒன்று பாருங்கள், இந்தப் பட்டியலில் இருக்கிறவர்கள் ஒரே சாதி கிடையாது. மகாவித்வான் வேளாளர், பந்தநல்லூரார் இசை வேளாளர், மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர், கேரளத்துப் பிள்ளைகள் நாயர்கள். பெயரை வைத்து ஆளை அளக்க முடியாது என்று பசங்களுக்குக் காட்ட இதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது. அப்புறம் நாயனக்காரர்கள் விஷயம். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடியே வாசி என்று சொன்ன காலம் அது. அதில் கிராப்பு வெட்டிக்கொண்டு, கோட்டுப் போட்டுக்கொண்டு, பாட்டு வித்வான்களுக்குச் சமமாக மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அவர் பெயரிலிருந்து நாமாகப் பிள்ளையை வெட்டினால் எனக்கு உறுத்தும். நம்ம பேரப்பிள்ளைகளுக்கு வைக்காமல் இருப்பது வேறு விஷயம், நானும் வைக்கவில்லை.

அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1898 முதல் 1956 வரை, தோடி ராகம் என்றாலே அவர்தான். 1947இல் சுதந்திரத்தின்போது ஆதீனத்துக் குழுவோடு டில்லி போய் வாசித்தவர். பலருக்குத் தெரியாதது, 1940இல் காளமேகம் படத்தில் கவி காளமேகமாக நடித்திருக்கிறார். நரசிங்கம்பேட்டையில் ரங்கநாத ஆசாரி செய்துகொடுத்த பாரி என்கிற நீளமான நாகஸ்வரத்தைப் பரவலாக்கியதும் அவர்தான், அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் வந்தது. உங்களுக்குக் கூப்பிடு தூரம், யாராவது ஒரு ஆசாரியைப் பரிசு கொடுக்கக் கூப்பிடலாமே.

மழைக்காலத்_திண்ணை:

கற்பனைப் பக்கம் நான் வருகிறேன்.

முதலில் சண்முகசுந்தரம். கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தில்லானா மோகனாம்பாள், படம் 1968. படத்தில் அவருக்குச் சிக்கல்தான் அடையாளம், மோகனாம்பாளுக்குத் திருவாரூர். பிள்ளை என்று போடாதீர்கள், யாராவது எழுந்து ஆட்சேபம் சொல்வார். ஆனால் இவரை வைத்து நல்ல பொறி ஒன்று போடலாம். வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளை என்று நிஜமாகவே ஒரு பெரிய தவில் வித்வான் இருந்தார். "சண்முகசுந்தரம், நிஜமா கற்பனையா" என்று மொட்டையாகக் கேளுங்கள், முக்கால்வாசிப் பேர் சிவாஜியை நினைத்துக் கற்பனை என்பார்கள். எந்த ஊர் என்று திருப்பிக் கேட்கிற அணிக்குக் கூடுதல் மதிப்பெண்.

கதைப் பிள்ளைகளில் மன்னர் புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளைதான். கடவுள் சென்னையில் வந்து இறங்கி இவரிடம் மாட்டிக்கொள்வார், இவரோ சித்த வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா பிடிக்கிற கவலையில் இருப்பார். கவனித்தீர்களா, கதாபாத்திரத்துக்குக்கூட மேலகரம் என்று ஊர், மே.க.ரா. என்று தலையெழுத்து எல்லாம் கொடுத்திருக்கிறார் மனிதர். பிள்ளை என்று மட்டும் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று தெரிந்திருக்கிறது. செல்லம்மாள் கதையில் வரும் பிரமநாயகம் பிள்ளையும் அவருடைய ஆள்தான், ஆனால் அந்தக் கதையைப் பொங்கல் அன்று பேசவேண்டாம், மனசு கனத்துப் போகும். இரண்டு பேருமே டெல்டா இல்லை. அதற்கு நான் என்ன செய்ய, நம்ம பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் நிஜமாகவே நாவலில் வருகிறவர்கள் மாதிரி இருந்துவிட்டார்கள்.

மலையாளக் கரைக்குப் போனால் அருந்ததி ராய் நாவலில் தோழர் கே.என்.எம். பிள்ளை வருகிறார். கட்சிக்காரர், அச்சகம் வைத்திருப்பவர், எனக்கு அவரைக் கண்டால் ஆகாது. நிஜத்தில் அந்தப் பக்கத்துக்குத் தகழி சிவசங்கரப் பிள்ளை, 1984 ஞானபீடம்.

வேதநாயகம் பிள்ளையைத் தவில்_காது அண்ணன் ஒரு வரியில் விட்டுவிட்டார், அவர் உங்கள் தாலுகாவுக்குப் பக்கத்து ஆள் ஐயா! குளத்தூரில் 1826இல் பிறந்தவர், மாயூரத்தில் முன்சீப்பு, 1879இல் பிரதாப முதலியார் சரித்திரம் வெளியிட்டவர், அதாவது தமிழின் முதல் நாவல். 1876-78 பெரும் பஞ்சத்தில் கையிலிருந்ததை எல்லாம் போட்டுக் கஞ்சி ஊற்றியிருக்கிறார், அதற்காகக் கோபாலகிருஷ்ண பாரதி "நீயே புருஷ மேரு" என்று பாடினார். மகாவித்வானும் இவர்மேல் குளத்துக் கோவை என்று ஒரு நூலே பாடியிருக்கிறார். புலவர், முன்சீப்பு, பாடகர் மூவரும் ஒரே காலத்தில் ஒரே மாயூரத்தில் இருந்திருக்கிறார்கள், யோசித்துப் பாருங்கள். கேள்வி இப்படி இருக்கட்டும்: எழுதியவர் பிள்ளை, எழுதப்பட்டவர் முதலியார், யார் யார்?

கடல்தாண்டி_நாகை:

நான் சிங்கப்பூரிலிருந்து. இங்கே பிள்ளை நிஜமாகவே குடும்பப் பெயர் ஆகிவிட்டது, ஆங்கிலத்தில் கடைசியில் ஒய் போட்டு எழுதுவார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு நெடுங்காலம் தலைவராக இருந்த ஜே.ஒய். பிள்ளை, 2017இல் கொஞ்ச நாள் தற்காலிக அதிபராகவும் இருந்தார். தென்னாப்பிரிக்காவில் நவநீதம் பிள்ளை, 1941இல் டர்பனில் பிறந்தவர், 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையர். 1860இலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறிப் போனவர்களின் வழியில் வந்த பிள்ளைகள் அங்கே ஏராளம். பெண்களுக்கும் அதே பெயர் வருகிறது பாருங்கள், நம்ம ஊரில் நவநீதம் பிள்ளை என்றால் யாராவது பெரியவர், மீசை வைத்தவர் என்றுதான் நினைப்பார்கள். உங்கள் சுற்றில் பெண்ணே இல்லை என்று யாராவது கேட்பதற்குள் இவரைப் போட்டுவிடுங்கள்.

ஆடுதுறை_எக்ஸ்பிரஸ்:

சரி, பிள்ளையை விட மாட்டீர்கள் என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் போட்டிக்குச் சாஸ்திரி என்று ஒரு குட்டிச் சுற்றும் வையுங்கள். திருவாரூரில் பிறந்த சியாமா சாஸ்திரி, வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரி, கல்கியின் தியாகபூமியில் வரும் சம்பு சாஸ்திரி. 1939 படத்தில் சம்பு சாஸ்திரியாக நடித்தது பாபநாசம் சிவன். கடைசிக் கேள்வியாக லால் பகதூர் சாஸ்திரி. அது குடும்பப் பெயரே இல்லை, காசி வித்யாபீடத்தில் படித்து வாங்கிய பட்டம், பிறப்பில் அவர் ஸ்ரீவாஸ்தவா, அதையும் சின்ன வயதிலேயே விட்டுவிட்டார். என் பக்கத்துக்கும் ஒரு ஆள் வேண்டாமா.

குத்தாலம்_வாய்க்கால்:

எல்லோருக்கும் நன்றி, சுற்றின் அமைப்பையே மாற்றிவிட்டேன். திரையில் பெயர் மட்டும் வரும், ஊர் வராது. அணிகள் மதிப்பெண்ணில் பாதியைக் கொடுத்துவிட்டு ஊரைக் கேட்டுக்கொள்ளலாம். மீனாட்சிசுந்தரம் பிள்ளைகள் மூவரும் கடைசிச் சுற்றுக்கு. சம்பு சாஸ்திரியும் லால் பகதூரும் உள்ளே வந்தாயிற்று, தோழர் திருப்திதானே? நரசிங்கம்பேட்டைக்கு நாளைக்குப் போய்ப் பேசிப் பார்க்கிறேன். மாமனாரை மட்டும் எந்த அணியிலும் சேர்க்கவில்லை, நடுவராக உட்கார வைக்கிறேன், இல்லாவிட்டால் ஒவ்வொரு விடைக்கும் தவில் என்பார்.