4×5 உருவப்படத்துக்குப் பழைய பெட்ஸ்வால் லென்ஸ் தேவையா?

கருந்துணி:
4×5 அங்குல ஷீட் ஃபிலிம் கேமராவில் முகப்படம் எடுக்க 19ஆம் நூற்றாண்டுப் பெட்ஸ்வால் பித்தளை லென்ஸ் வாங்குவது வீண் செலவு. பிற்கால 210 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ் (எஃப் எண் குறைந்தால் திறப்பு பெரிது) கோப்பால் ஷட்டரோடு கிடைக்கிறது, 1/400 வினாடி வரை வேகம் உண்டு. பித்தளைக் குழலில் ஷட்டரே கிடையாது. ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்குத் திறந்த நிழலில் பெட்ஸ்வாலின் எஃப் 3.6 திறப்பை வைத்தால் ஏறத்தாழ 1/250 தேவை. தனியாக மாட்டும் காற்றழுத்தப் பாக்கார்டு ஷட்டர் 1/25-க்கு மேல் ஓடாது. மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு) மிகை வெளிச்சத்தோடு தொடங்குகிறோம். அதற்குமேல் மங்கலான பின்னணி சுழல்வதுபோல் தெரிவது வேறு. அந்தச் சுழலுக்காகத்தான் இன்று பலர் வாங்குகிறார்கள்.

தேய்கண்ணாடி:
சுழலுக்காக வாங்குவது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுழல் வருவது சிறிய லென்ஸைப் பெரிய ஃபிலிமில் மாட்டுவதால். நீளமான குழல் ஓரத்து ஒளிக்கதிரை வெட்டிவிடும். வட்டமாக இருக்க வேண்டிய மங்கல் புள்ளி கண் வடிவமாக ஒடுங்கி, மையத்தைச் சுற்றி வளைந்து நிற்கும். 1840இல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் கணக்கிட்டு, ஃபோக்ட்லேண்டர் நிறுவனம் செய்த லென்ஸ் படத்தின் நடுப்பகுதிக்கானது. அப்போது எஃப் 15 அளவில் இருந்த லென்ஸ்களைவிட 16 மடங்குக்கும் மேல் ஒளியை உள்ளே விட்டது. 4×5-க்கு 150 மி.மீ. போட்டால் சுழலத்தான் செய்யும். 240 அல்லது 300 போடுங்கள், பின்னணி அமைதியாகிவிடும்.

வேகத்துக்கு வழி இருக்கிறது. ஒளியை மட்டும் குறைக்கும் என்டி வடிகட்டி மூன்று ஸ்டாப் அளவில் போட்டால் பாக்கார்டே போதும். ஸ்பீட் கிராஃபிக் என்ற பழைய கேமராவின் உடலில், ஃபிலிமுக்கு முன்னால் ஓடும் ஃபோகல் பிளேன் ஷட்டர் உள்ளேயே இருக்கிறது, ஆனால் பெரிய குழலின் எடையையும் லென்ஸ் பலகை அளவையும் முதலில் பாருங்கள். ஃபிலிமுக்குப் பதில் பேப்பர் நெகட்டிவ் என்றால் ஐஎஸ்ஓ 6 சுற்றளவில் 1/15 வரும். கொலோடியன் பூசி ஈரம் காயுமுன் படமெடுக்கும் ஈரத்தகடு என்றால் அரை வினாடி, மூடியைக் கழற்றி மாட்டினாலே ஆயிற்று.

கருந்துணி:
சரி. கூர்மை ஆழத்தின் கணக்கு? 220 மி.மீ. எஃப் 3.6, முகம் 1.5 மீட்டரில் என்றால் கூர்மை மொத்தம் 3 செ.மீ.க்கும் குறைவு. கண் கூர்மையாக இருந்தால் காது போய்விடும். 210 எஃப் 5.6 ஏறத்தாழ 5 செ.மீ. தருகிறது. ஆள் மூச்சு விட்டாலே அந்த 3 செ.மீ. நகர்ந்துவிடும்.

தேய்கண்ணாடி:
அதனால்தான் பழைய ஸ்டூடியோக்களில் தலைத்தாங்கி இருந்தது. இன்றும் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டாண்ட் வைத்துப் பின்மண்டை படும்படி பொருத்தலாம். இன்னொன்று: மையத்தில் ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைத் திருப்பாதீர்கள். இந்த லென்ஸின் கூர்மைப் பரப்பு தட்டையாக இல்லை, ஓரங்களில் கேமராவை நோக்கி வளைகிறது. கண் எங்கே விழுகிறதோ அந்த இடத்திலேயே லூப் (சிறிய உருப்பெருக்கி) வைத்துப் பாருங்கள். குழுப்படத்தில் ஓரத்து ஆட்களை முன்னால் இழுத்து அரைவட்டமாக உட்கார வைப்பதற்கும் காரணம் இதுதான்.

வெள்ளித்துகள்:
விவாதத்தில் ஒன்று விடுபட்டது. நிறைய பேர் 'மோசமான லென்ஸ்' என்று குறை சொல்வது தவறாகக் கோர்த்த லென்ஸை. பெட்ஸ்வாலில் முன்னால் ஒட்டிய இரட்டைக் கண்ணாடி, பின்னால் இடைவெளி வளையத்தோடு பிரிந்த இரண்டு கண்ணாடி. யாரோ துடைக்கக் கழற்றிப் பின்கண்ணாடி ஒன்றைத் திருப்பி மாட்டியிருப்பார்கள், படம் முழுக்கக் குழைந்துவிடும். கழற்றும்போதே விளிம்பில் பென்சிலால் முன்பக்கம் நோக்கி அம்பு போடுங்கள். 1866இல் லென்ஸ் தயாரிப்பாளர் டால்மேயர் பின்தொகுதியின் வரிசையையே மாற்றினார். அந்த வகையை ஃபோக்ட்லேண்டர் வரிசையில் கோர்த்தாலும் இதே கதிதான்.

மிகப் பழையதில் கண்ணுக்கும் தகட்டுக்கும் ஃபோகஸ் வேறுபடலாம். ஒரு செ.மீ. இடைவெளியில் எண்ணிட்ட அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்வாக நிறுத்தி, நடுவதைக் கூர்மையாக்கி, முழுத் திறப்பில் ஒரு ஷீட் எடுங்கள். படத்தில் எந்த எண் கூர்மையாக வந்திருக்கிறதோ, அதற்கும் நடு எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் திருத்தும் அளவு.

கருந்துணி:
இந்தச் சோதனை நியாயமானது. அப்படியானால் என் வாதத்தைச் சுருக்கிக்கொள்கிறேன்: ஃபிலிமில் ஒரே ஒரு உருவப்பட லென்ஸ் என்றால் 1900இல் வந்த ஹெலியார் லென்ஸ், எஃப் 4.5. காம்பவுண்ட் என்ற பழைய ஷட்டரோடு கிடைக்கிறவையும் உண்டு. ஈரத்தகட்டுக்கு என்றால் பெட்ஸ்வாலை மறுக்க மாட்டேன், அங்கே ஒரு ஸ்டாப் என்பது ஆளை ஒரு வினாடி உறைய வைப்பதா இரண்டா என்ற கேள்வி.

தேய்கண்ணாடி:
ஹெலியாரில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஃபிலிமுக்கே பெட்ஸ்வால் வேண்டும் என்று நினைப்பவருக்கு மட்டும்: ஃபிளாஞ்ச் (லென்ஸைப் பலகையில் திருகிப் பொருத்தும் வளையம்) இருக்கிறதா என்று விற்பவரிடம் முதலில் கேளுங்கள். அந்த மரைக்குப் பொருந்துவது இன்று கடையில் எளிதில் கிடைக்காது, பெரும்பாலும் லேத்தில் கடைய வேண்டியிருக்கும். ஓரத்தில் வானவில் நிறத் திட்டு தெரிந்தால் கண்ணாடிகளை ஒட்டும் பால்சம் பசை விலகியிருக்கிறது. விளிம்போடு நின்றால் பரவாயில்லை, நடுவை எட்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.