137 ஜி.பி.யைத் தாண்டிய அன்று: ஹார்ட் டிஸ்க் அனுபவங்கள் (இணைய மன்ற உரையாடல்)

கும்பகோணம் வீடியோ

2003, ஆவணி முகூர்த்தம். அந்த டிஸ்க் இன்றும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. போன வாரம் பரணைத் துடைக்கும்போது கையில் வந்தது, அதிலிருந்து தூக்கம் சரியில்லை.

அப்போது கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். மினி டி.வி. (டிஜிட்டல் வீடியோ) டேப்பைக் கம்ப்யூட்டரில் இறக்கினால் மணிக்கு 13 ஜி.பி. போகும், இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். 1999இல் என் முதல் மெஷினில் இருந்த டிஸ்க் 4.3 ஜி.பி. விண்டோஸ் போக பத்து நிமிடப் படம் தாங்கினால் பெரிது. 2001இல் 40 போட்டேன். 2003இல் 160. நாலு வருஷத்தில் கிட்டத்தட்ட நாற்பது மடங்கு. ஒரே டிஸ்க்கில் மூன்று கல்யாணம் முழுசாக நிற்கும் என்றால் அன்று எங்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

புது டிஸ்க்கை நண்பர் கடையில், அவருடைய மெஷினில் வைத்து ஃபார்மட் செய்து எடுத்து வந்தேன். அவருடைய விண்டோஸ் எக்ஸ்.பி.யில் சர்வீஸ் பேக் 1 என்ற திருத்தத் தொகுப்பு இருந்தது. என்னுடையதில் இல்லை. என் மெஷினில் மாட்டியதும் 149 ஜி.பி. என்றே காட்டியது (160ஐ விண்டோஸ் தன் 1024 கணக்கில் அப்படித்தான் காட்டும்), எல்லாம் சரி என்று நினைத்தேன்.

முதலில் இறக்கியது ஒரு அரிசி மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணம். அப்புறம் இரண்டாவது. டேப்பெல்லாம் மேலேயே அடுத்த முகூர்த்தத்தை எடுக்கப் போய்விட்டது. மூன்றாவது கல்யாணம் இறங்கிக்கொண்டிருந்த சாயங்காலம், மண்டிக்காரர் என் கடைக்கு வந்தார். கையில் மஞ்சள் பை, அதில் பாக்கிப் பணமும் வெற்றிலை பாக்கும். கல்யாணம் முடிந்து இருபது நாளில் அவருடைய அம்மா தவறிப்போயிருந்தார். “தம்பி, தாலி கட்டுற இடத்தை மட்டும் போட்டுக் காட்டு. அம்மா முகம் அதுல விழுந்திருக்கான்னு பார்க்கணும்” என்றார்.

விழுந்திருந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கெட்டிமேளம் கொட்டும்போது அந்த அம்மா வலது கையில் அட்சதையை வைத்துக்கொண்டு தூவ மறந்து நின்றார். நான் கேமராவை அங்கே கொண்டுபோனேன்.

ஃபோல்டரை க்ளிக் செய்தேன். ஃபைல் சிதைந்துவிட்டது, படிக்க முடியவில்லை என்று ஒரு சின்னப் பெட்டி. மறுபடி க்ளிக். மறுபடி அதே பெட்டி. பின்னால் மூன்றாவது கல்யாண டேப் ஓடிக்கொண்டே இருந்தது, இறங்கிய அளவு திரையில் ஏறிக்கொண்டே இருந்தது. அது ஏற ஏறத்தான் முதல் கல்யாணம் அழிகிறது என்று அந்த நிமிடம் எனக்குத் தெரியாது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பணத்தை மேஜைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

இதுபோல யாருக்காவது நடந்திருக்கிறதா?

தேனி டி.டி.பி.

அண்ணே, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

என்னுடையது வேறு மாதிரி உறுத்தல். 1996. அச்சகத்துக்கு 1.2 ஜி.பி. டிஸ்க் வாங்கப் போனேன். அதற்கு முன் 170 எம்.பி.யில் ஓட்டிக்கொண்டிருந்தோம், ஒரு கோயில் மலர் முடிந்தால் ஃபிளாப்பிக்கு மாற்றி இடம் காலி பண்ண வேண்டும். கடைக்காரர் என் 486 மெஷினிலேயே மாட்டிப் பார்த்தார். நீலத் திரையில் 504 எம்.பி. என்று வந்தது. கேபிளை மாற்றினார், ஜம்பரை மாற்றினார், அப்போதும் 504தான். “பாதி டிஸ்க் செத்திருக்குங்க. வேணும்னா பாதி விலைக்கு எடுத்துக்கோங்க” என்றார். எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து மதுரையில் ஒருவர் பயாஸில் (மெஷினைத் தொடங்கிவைக்கும் நிரலில்) டிஸ்க்கின் இடத்தை வரிசை எண்ணால் குறிக்கும் எல்.பி.ஏ. என்று ஒரு முறை இருப்பதைச் சொன்னார். என் போர்டில் அது இல்லை. புது போர்டில் மாட்டியதும் 1.2 ஜி.பி.யும் முழுசாக வந்தது. டிஸ்க் நல்ல டிஸ்க். மீதிப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே கடையும் மூடிவிட்டது, அவரும் ஊரை விட்டுப் போய்விட்டார்.

எண்கணக்கு

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2012இல் 3 டி.பி. (3,000 ஜி.பி.) டிஸ்க் ஒன்றைப் பழைய யூ.எஸ்.பி. பெட்டியில் போட்டேன். 746 ஜி.பி. என்று காட்டி, ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. உள்ளே ஆறு வருடக் குடும்பப் படங்கள். விரல் பட்டன்மேல் இருந்தது. எடுத்துவிட்டேன். அவ்வளவுதான்.

இப்போது கும்பகோணம் சாருக்கு. உங்கள் டிஸ்க்கில் பழுதே இல்லை. டிஸ்க்கை மெஷினோடு இணைக்கும் அன்றைய ஐ.டி.இ. முறையில் செக்டர் (டிஸ்க்கின் சின்னக் கட்டம்) எண் எழுத 28 பிட்தான் கொடுத்திருந்தார்கள். அதில் எழுதக்கூடியது 26,84,35,456 செக்டர். ஒரு செக்டர் 512 பைட், பெருக்கினால் 137 ஜி.பி. விண்டோஸ் கணக்கில் அதுவே 128. அந்த எண்ணைத் தாண்டினால் மேல் பிட் உதிர்ந்துவிடும். லாரி மீட்டர் 99999க்கு அப்புறம் 00000 ஆவது போல, 137க்கு அப்பால் எழுதுவதாக மெஷின் நினைத்ததெல்லாம் டிஸ்க்கின் தலைப்பக்கத்தில் போய் விழுந்தது. உங்கள் நண்பர் மெஷினில் சர்வீஸ் பேக் 1 வழியாக 48 பிட் எண் இருந்ததால் 149 வரை பார்ட்டிஷன் (டிஸ்க்கில் குறிக்கும் எல்லை) போட முடிந்தது. உங்கள் மெஷின் பார்ட்டிஷன் சொன்னதை அப்படியே நம்பியது. பழைய பெட்டியில் என் 3 டி.பி. 746 ஆனதும் இதே கதைதான். அங்கே எல்லை 32 பிட், 2.2 டி.பி. மீட்டர் ஒரு சுற்றுச் சுற்றி, மிச்சத்தை மட்டும் காட்டியது.

தேனி நண்பரின் 504உம் இதே சாதி. 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர், அதற்கு மேல் பழைய பயாஸுக்கு எண்ணத் தெரியாது. கடைக்காரரைக் குறை சொல்லாதீர்கள், அன்று தெரிந்தவர்கள் குறைவு.

டிஸ்க் ஏன் இவ்வளவு வேகமாக எல்லையை முட்டியது என்றால், தட்டிலிருந்து படிக்கும் ஹெட் மாறியது ஒரு பெரிய காரணம். 1988இல் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் குரூன்பெர்க்கும் தனித்தனியாக ஒரு காந்த விளைவைக் கண்டார்கள். நானோமீட்டர் கணக்கில் மெல்லிய உலோக அடுக்குகளில், சின்னக் காந்தப்புலத்துக்கே மின்தடை பெரிதாக மாறும். 1997இல் ஐ.பி.எம். அந்த ஹெட்டைப் போட்டு 16.8 ஜி.பி. டிஸ்க் கொண்டுவந்தது. ஹெட்டுக்குக் காது கூர்மையானதும் புள்ளிகளை நெருக்கி நெருக்கி எழுத முடிந்தது. 2007இல் அந்த இருவருக்கும் நோபல் பரிசு, அதே வருடம் 1 டி.பி. டிஸ்க்கும் கடைக்கு வந்தது. தட்டு மட்டும் பத்து வருஷமாக அதே அளவு.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். டேப்பை அழித்தது உங்கள் தவறு. வாடிக்கையாளர் கையில் சி.டி. போய்ச் சேரும்வரை மூலத்தைத் தொடக் கூடாது. எதுவானாலும் மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்று வேறு கட்டிடத்தில் இருக்க வேண்டும். பிரதி எடுத்தால் போதாது, திறந்தும் பார்க்க வேண்டும். பெட்டியில் வைத்த டிஸ்க்கை வருடத்துக்கு ஒருமுறையாவது ஓடவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பெரிய டிஸ்க்கில் கொட்டுவதைவிட இரண்டு சின்ன டிஸ்க் மேல். டிஸ்க் வாங்கியதும் கடைசி செக்டர் வரை ஒருமுறை எழுதிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

திருச்சி ஆல்பம்

எண்கணக்கு சார், கணக்கு சரி. “உங்கள் தவறு” என்பது சரியில்லை. அன்று எந்த ஸ்டூடியோவில் டேப்பை மறுபடி ஓட்டாமல் இருந்தார்கள்? நாங்களும் ஓட்டினோம். ஒரு கல்யாணத்துக்கு நாலு டேப், ஒரு நாளில் இரண்டு முகூர்த்தம், அப்பா ஒருவர்தான் கேமரா. மூன்று பிரதி எடுக்க மூன்று 160 வாங்க வேண்டும். அந்தப் பணம் இருந்திருந்தால் என் அக்காவுக்கு முதலில் ஃபீஸ் கட்டியிருப்போம். 2003இல் இருந்தவரிடம் இன்றைய விலையை வைத்துப் பேசாதீர்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு டிஸ்க் ‘டக் டக்’ என்று தட்டிக்கொண்டே செத்தது. அப்பா அதன்மேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை நான் மறக்கவில்லை.

வெள்ளவத்தை

எங்கட கதை அழிந்ததைப் பற்றியது இல்லை, காத்திருந்ததைப் பற்றியது.

எங்கள் ஊர் அண்ணாவியார் (கூத்துப் பழக்குபவர்) ஒருவர் கூத்துகளை வீ.எச்.எஸ். கசெட்டில் பதிவு செய்து வைத்திருந்தார். நாற்பது கசெட், ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம். மணிக்கு 13 வீதம் கணக்குப் போட்டேன்: 1,560 ஜி.பி. 2 டி.பி. டிஸ்க் ஒன்று போதும். “ஐயா, அடுத்த மாதம் விலை குறையும், அப்ப வாங்கி எல்லாத்தையும் ஒரே மூச்சில ஏத்திடுறன்” என்றேன். குறைந்தது. இன்னும் குறையும் என்று இன்னொரு மாதம். அத்தனை வருடமும் குறைந்துகொண்டேதானே வந்தது, ஒவ்வொரு முறையும் பொறுத்திருந்தவனுக்குத்தான் லாபம்.

2011 ஐப்பசியில் தாய்லாந்தில் வெள்ளம். அயுத்தயா பக்கத்தில் டிஸ்க் செய்யும் தொழிற்சாலைகளுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. கொழும்பு பம்பலப்பிட்டியில் போய்க் கேட்டால் போன மாத விலையைப் போல இரண்டு மடங்கு, அதுவும் கையிருப்பில் இல்லை. பிறகு விலை மெதுவாக இறங்கி, நான் டிஸ்க்கோடு போனபோது கசெட்டைத் திறந்தேன். நாடாவின் ஓரத்தில் மா தூவியது போல வெள்ளைப் பூஞ்சணம். பதினாறு கசெட் ஓடியது. மற்றவை ஓடவில்லை. ஐயா ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி தந்தார்.

எண்கணக்கு அண்ணா மூன்று பிரதி என்கிறார். எனக்கு ஒரு பிரதி எடுக்கவே நேரம் பிந்திவிட்டது.

எண்கணக்கு

திருச்சி அம்மா சொன்னதை ஏற்கிறேன். “தவறு” என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கும்பகோணம் சார், மன்னிக்கவும்.

ஆனால் இரவு படுத்த பிறகு ஒன்று தோன்றியது, அதற்காகவே எழுந்து எழுதுகிறேன். எக்ஸ்.பி. ஃபார்மட் செய்தால் ஃபைல்களின் பட்டியல் டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து சுமார் 3 ஜி.பி. தூரத்தில் இருக்கும். நீங்கள் எல்லையைத் தாண்டிக் கால்மணி நேரப் படம் எழுதினாலே அது அந்தப் பட்டியல்மேல் போய் விழும். ஃபோல்டர் திறக்காமல் போனதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். எழுதியது எத்தனை ஜி.பி.யோ, அழிந்தது அத்தனைதான். மீதிப் படம் பெயர் இல்லாமல் அங்கேயே கிடக்கலாம். பால் (PAL) முறையில் எடுத்த மினி டி.வி. படத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக 1,44,000 பைட், தலையில் அடையாளம் உண்டு. பட்டியல் இல்லாமலே தேடி எடுக்க முடியும்.

அதற்கு அப்புறம் அந்த டிஸ்க்கில் ஏதாவது எழுதினீர்களா? ஃபார்மட் செய்தீர்களா? பிழை திருத்தும் செக் டிஸ்க் ஓட்டினீர்களா?

கும்பகோணம் வீடியோ

எழுதவில்லை. ஃபார்மட்டும் செய்யவில்லை. அன்று ராத்திரி செக் டிஸ்க் ஓட ஆரம்பித்தது, பயந்து பவரைப் பிடுங்கிவிட்டேன். அதற்கப்புறம் துணியில் சுற்றிப் பரணில் வைத்தது வைத்ததுதான். ஐ.டி.இ. கேபிள்கூட இப்போது என்னிடம் இல்லை.

தேனி டி.டி.பி.

என்னிடம் ஐ.டி.இ. டு யூ.எஸ்.பி. அடாப்டர் இருக்கிறது அண்ணே, தனி பவர் சப்ளையோடு. இன்றைக்கே கூரியரில் போடுகிறேன்.

எண்கணக்கு

ஜம்பர் மாஸ்டரில் இருக்கட்டும். விண்டோஸ் எது கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் முழு டிஸ்க்கையும் இமேஜாக (பைட் பைட்டாக ஒரே பிரதியாக) எடுங்கள், தேடலை இமேஜில் செய்வோம். அதற்கு முன் அடாப்டர் முழு 160ஐயும் காட்டுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். சில பழைய அடாப்டரும் 137இல் நின்றுவிடும்.

கும்பகோணம் வீடியோ

காட்டுகிறது. 149.

சுற்றுகிறது, தட்டுகிற சத்தம் இல்லை. இப்போது 38 ஜி.பி. ஏறியிருக்கிறது, இதுவரை ஒரு பிழையும் வரவில்லை. மண்டிக்காரர் கடை நம்பர் பழைய ஆர்டர் நோட்டில் இருக்கிறது. இன்னும் கூப்பிடவில்லை.